டைசன்ஸில் யாருக்கு இடம்?

வாஷிங்டன் நகருக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறது டைசன்ஸ். ஒரு காலத்தில் வயல்களுக்கு நடுவே சாலைகள் கூடும் வெறும் சந்திப்பு. 1968இல் அங்கே பெரிய வணிக வளாகம் வந்தது. பின்னாலேயே அலுவலகங்கள் வந்தன; வேலைக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த ஏக்கர் கணக்கில் தார் போட்டார்கள். 2010 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து வேலைபார்த்துவிட்டுப் போன அந்த இடத்தில் குடியிருந்தவர்கள் இருபதாயிரத்தைத் தொடவில்லை. அலுவலகங்கள் அடைத்துக்கொண்ட பரப்பைவிடக் கார்கள் அடைத்துக்கொண்ட பரப்பு அதிகம்.

2010 ஜூனில் கவுண்டியின் நிர்வாகக் குழு புதிய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2050க்குள் ஒரு லட்சம் பேர் குடியிருக்க வேண்டும், இரண்டு லட்சம் பேருக்கு வேலை இருக்க வேண்டும், வளர்ச்சியில் முக்கால் பங்கு மெட்ரோ நிலையங்களுக்கு அரை மைலுக்குள் அமைய வேண்டும் என்பது இலக்கு. 2014 ஜூலையில் டைசன்ஸில் மட்டும் நான்கு நிலையங்களோடு ரயிலும் ஓடத் தொடங்கியது. இன்று ஏழாம் எண் சாலையில் நிலையத்தை விட்டு நடைமேம்பாலம் வழியே இறங்கினால் ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரம், சற்றுத் தள்ளிக் கார் ஷோரூம். பழைய ஊர் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்படிப்பட்ட திட்டம் என்றதும் யாருடைய வீடு இடிபடுகிறது என்றுதான் முதலில் கேட்போம். இங்கே இடித்தவை பெரும்பாலும் வண்டி நிறுத்தங்களும் தாழ்வான பழைய கட்டடங்களும்தான். அதனால் யாருக்கும் தீங்கில்லாத வளர்ச்சி இது என்று சொல்லிவிடத் தோன்றும். அது அவசரப்பட்ட தீர்ப்பு.

அக்கம்பக்கத்து மெக்லீன், வியன்னா பகுதிகளின் தனிவீட்டுக்காரர்களுக்குத் தங்கள் தெருக்கள் குறுக்குவழியாகிவிடும், பள்ளிகள் நிரம்பி வழியும் என்ற அச்சம் உண்டு. வசதி படைத்தவர்களின் சுயநலம் என்று இதை ஒதுக்குவது நியாயமில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டைச் சுற்றி நடப்பதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்கள் பேசலாம், தேர்தலில் வாக்களிக்கலாம். அவர்கள் குரல் எப்படியும் சபைக்குப் போய்விடும்.

போகாத குரல் வேறு. வணிக வளாகத்தில் கல்லாவில் நிற்பவர், இரவில் அலுவலகத் தரையைத் துடைப்பவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர் ஆகியோரில் பலர் வாடகை தாங்காமல் வேறு கவுண்டிகளில் குடியிருக்கிறார்கள். ஃபேர்ஃபாக்ஸில் அவர்களுக்கு வாக்கு இல்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் வேலையில் இருப்பார்கள். நாளைய டைசன்ஸ் இவர்கள் உழைப்பில்தான் ஓடும். இங்கே குடியே இல்லாததால் இவர்களை யாரும் வெளியேற்றவில்லை. உள்ளே வர இடம் கொடுக்காமலிருப்பதும் அநீதிதான். வெளியேற்றினால் கண்ணில் படும், இது படாது.

திட்டம் இவர்களை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதிய குடியிருப்புகளில் நூற்றுக்கு இருபது வீடுகள் கட்டுப்படியாகும் விலைக்கோ வாடகைக்கோ கிடைக்க வேண்டும் என்று அது விதித்தது. அமெரிக்கப் புறநகர்களில் இது துணிச்சலான விதி. ஆனால் அந்த இருபதைப் பிரித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 120 சதவீதம் வரை சம்பாதிப்பவர்களும் அதற்குள் வந்தார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த நடுத்தர வருமானமே அப்போது ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். 60 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள கடைசி அடுக்குக்கு ஒதுக்கியது நூற்றுக்கு இரண்டே வீடு. வாடகை வீடுகளுக்கான வருமான உச்சவரம்பைக் கவுண்டி 2021இல்தான் கீழே இறக்கியது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் எழும்பிய கோபுரங்களை இனி மாற்ற முடியாது.

ரயிலுக்கான செலவிலும் இதே கோணல். ரயில் பாதையின் இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 600 கோடி டாலர். அதில் சுமார் பாதி அவ்வட்டாரத்து டல்லஸ் சுங்கச்சாலையில் கார் ஓட்டுகிறவர்களின் தலையில் விழுந்தது. முதல் கட்டத்துக்கு நில உரிமையாளர்கள் தனி வரி மூலம் 40 கோடி டாலர் கொடுக்க முன்வந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. என்றாலும் நிலையம் வந்ததால் மதிப்பு ஏறிய நிலம் அவர்களுடையது. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவருக்கு நெரிசல் குறையும் என்ற வாக்குறுதிதான் பங்கு. ஆதாயம் அடைகிறவர் இன்னும் அதிகம் தந்திருக்க வேண்டும்.

2050க்கு இன்னும் காலம் இருக்கிறது. கோபுரம் கட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கோரும் ஒவ்வொரு மனுவும் நிர்வாகக் குழுவின் முன்னால்தான் வருகிறது. ஒரு மாடி கூடினால் அதன் லாபம் கட்டுநருக்கு. அந்த மாடிக்கு அனுமதி தருவது பொதுமக்களின் அதிகாரம். நடைபாதையும் பூங்காவும் பதிலாகக் கேட்பது சரிதான். அவற்றுக்கு முன்னால், கடைசி அடுக்கில் இருப்பவருக்கு எத்தனை வீடு என்று கேட்க வேண்டும். பதில் போதாதென்றால் மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.