ரொட்டியும் ரபாபும்

அமிர்தசரஸ் பொற்கோயிலில் பொழுது விடிவதற்கு முன்பே 'ஆசா தீ வார்' என்ற துதிப்பாட்டைப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி குரு நானக் இயற்றியது. அதை எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பு அதன் தலைப்பிலேயே இருக்கிறது: துண்டா அஸ்ராஜ் கதைப்பாட்டின் மெட்டு. அஸ்ராஜ் ஓர் இளவரசன். சிற்றன்னை சுமத்திய பொய்ப்பழியால் கை வெட்டப்பட்டுக் கிணற்றில் தள்ளப்பட்டவன். வழிப்போக்கர்கள் காப்பாற்ற, பின்னாளில் அரசனாகிப் போரில் வென்றவன். அந்தக் கதையை டாடிகள் என்ற பாணர்கள் ஊர் ஊராகப் பாடித் திரிந்தார்கள். உழவனுக்கும் வண்டிக்காரனுக்கும் மனப்பாடமான மெட்டு அது. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் 22 வார்கள், அதாவது கதைப்பாட்டு வடிவப் பாடல்கள், இருக்கின்றன. அவற்றில் ஒன்பதுக்கு இப்படி நாட்டுப்புற மெட்டு குறிக்கப்பட்டிருக்கிறது. வெட்டும் குத்துமாகப் பாடப்பட்ட மெட்டுகளில் இறைவனைப் பாடுவதற்கு அந்த நூலைத் தொகுத்தவர்கள் கூச்சப்படவில்லை.

ஆனால் அதே ஆசா தீ வாரில் ஓர் இடத்தில் நானக் ஆட்டக்காரர்களைக் கடுமையாகச் சாடுகிறார். கண்ணன், கோபியர் வேடமிட்டு ஆடிய ராஸ் கோஷ்டிகள்தான் அவர் மனதில் இருந்தவர்கள். சீடர்கள் வாசிக்க, அவர்களின் குருமார்களே ஆடினார்கள். இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு, பக்தியின் பெயரில் நடக்கும் பிழைப்பு என்பது அவர் குற்றச்சாட்டு.

பாணனின் மெட்டை எடுத்துக்கொண்டவர், கூத்தாடியின் காலை ஏன் ஒதுக்கினார்? கலையை விற்றுச் சாப்பிடுகிறவனின் வழிபாடு கடவுளிடம் போய்ச் சேருமா, சேராதா? பஞ்சாபின் பாட்டையும் ஆட்டத்தையும் பற்றி எழுதுகிறவர்கள் அறுவடை, திருவிழா, வீரம் என்று பேசுவார்கள். இந்தக் கேள்வியைத் தொடுகிறவர்கள் குறைவு. ஐந்நூறு ஆண்டுகளாக அந்த மண்ணின் சமயங்களுக்கும் அதன் கலைஞர்களுக்கும் நடுவே தீராமல் கிடக்கும் வழக்கு இது.

நானக்கின் வாழ்நாள் துணை யார் என்று பார்த்தாலே சிக்கல் தெரிந்துவிடும். தல்வண்டியில் அவரோடு வளர்ந்த மர்தானா ஒரு மிராசி. மிராசிகள் முஸ்லிம்கள், பண்ணை வீடுகளின் வம்சாவளியைப் பாடுவதும், கல்யாணத்துக்கும் பிள்ளைப் பிறப்புக்கும் வாசித்துத் தானியம் வாங்குவதும் அவர்களின் குலத்தொழில். ஊருக்குள் அவர்கள் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் நடக்காது. ஆனால் சரிசமமாக உட்கார இடமும் கிடைக்காது. பாட்டு வரும்போதெல்லாம் நானக் மர்தானாவைத்தான் கூப்பிட்டு ரபாப் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டச் சொன்னார் என்கின்றன அவர் வாழ்வைச் சொல்லும் ஜனம்சாகி கதைகள். அந்தக் கதைகளில் மர்தானாவுக்கு எப்போதும் பசி. நடந்தால் பசி, உட்கார்ந்தால் தாகம். ஒருமுறை ஊருக்குள் போனவர் துணிமணிகளை மூட்டையாகக் கட்டிச் சுமந்து வருகிறார். நானக் விழுந்து விழுந்து சிரித்து, அதைத் தூக்கி எறியச் சொல்கிறார். அந்தச் சிரிப்பில் ஏளனம் தெரியவில்லை. கூட நடக்கிற நண்பனின் சுமையைக் குறைக்கிற அக்கறைதான் தெரிகிறது. பிகாக்ரா ராகத்து வாரில் மர்தானாவின் பெயரிலேயே மூன்று சலோகங்கள் இருக்கின்றன. கூலிக்குப் பாடும் குலத்தில் பிறந்தவரின் பெயர் வேதத்துக்குச் சமமாக மதிக்கப்படும் நூலுக்குள் இருக்கிறது.

நானக்கின் போதனையில் ரொட்டி இழிவான பொருளே அல்ல. உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து சாப்பிடு என்பவை சீக்கிய வாழ்வின் அடித்தளம். லாலோ என்ற தச்சரின் கதை பஞ்சாபில் குழந்தைக்கும் தெரியும். செல்வந்தர் மாலிக் பாகோவின் விருந்தை விட்டுவிட்டு லாலோ வீட்டு முரட்டு ரொட்டியைச் சாப்பிடுகிறார் நானக். காரணம் கேட்டபோது இரண்டு ரொட்டிகளையும் கையில் எடுத்துப் பிழிகிறார். தச்சரின் ரொட்டியில் பால் வடிகிறது, பணக்காரரின் ரொட்டியில் ரத்தம். உளி பிடித்தவனின் ரொட்டியில் பால் வடியுமென்றால் ரபாப் பிடித்தவனின் ரொட்டியில் மட்டும் ஏன் வடியாது? நானக் தம்மையே ஒரு டாடி என்று அழைத்துக்கொண்டவர். இறைவனிடம் வேலைக்கு அமர்ந்த பாணன் என்ற பாவனையில் பாடியவர். ஆகவே அவர் குறை கண்டது கூலியை அல்ல, வேஷத்தை. பசிக்குப் பாடுவது வேறு, பசிக்குப் பாடிவிட்டு அதைப் பரவசம் என்று காட்டிக்கொள்வது வேறு. இந்த மெல்லிய கோட்டைப் பின்னால் வந்தவர்களால் எப்போதும் காப்பாற்ற முடியவில்லை.

முதல் பெரிய மோதல் ஐந்தாவது குரு அர்ஜன் காலத்தில் வந்தது. குருவின் சபையில் பாடிய ரபாபிகள் சத்தாவும் பல்வந்தும். வீட்டில் ஒரு கல்யாணம், செலவுக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்பார்த்தது கிடைக்காததால் பாட வர மறுத்தார்கள் என்கிறது மரபு. அதோடு நிற்கவில்லை. மர்தானா இல்லாவிட்டால் நானக்கை யாருக்குத் தெரிந்திருக்கும் என்றும் பேசிவிட்டார்கள். குரு மனம் கசந்து, இனிச் சீக்கியர்களே வாத்தியம் பழகிப் பாடட்டும் என்று சொன்னார். அந்த இருவருக்காகப் பரிந்து வருகிறவர் முகத்தில் கரி பூசிக் கழுதை மேல் வர வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார்.

லாகூரிலிருந்து பாய் லத்தா என்பவர் அப்படியே வந்தார். கரி பூசிய முகம், கழுதைச் சவாரி, பின்னால் நோயில் நலிந்த இரண்டு பாடகர்கள். குரு மன்னித்தார். சத்தாவும் பல்வந்தும் சேர்ந்து பாடிய 'ராம்கலி கீ வார்' இன்று குரு கிரந்த் சாகிபில் இருக்கிறது. சம்பளத் தகராறில் தொடங்கிய கதை புனித நூலில் போய் முடிந்தது. பாடகர்களின் ஆணவத்துக்குக் கிடைத்த பாடம் என்றுதான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். ஆனால் கல்யாணச் செலவுக்குக் கையேந்தி நின்ற குடும்பத்தின் பக்கமிருந்தும் இதைக் கேட்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொர்க்கத்தின் வாசலைத் திறந்துவிட்டவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை நடத்த வழியில்லை.

அடுத்து வந்த குரு அர்கோபிந்த் டாடிகளைத் தம் சபைக்கே அழைத்துக்கொண்டார். நத்தா, அப்துல்லா என்ற இருவரும் சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த் முன்னால் வீரப்பாட்டுப் பாடினார்கள். டாடியின் கையிலிருக்கும் 'டட்' நம் உடுக்கையைப் போல இடை சிறுத்த சின்ன வாத்தியம், கூடவே சாரங்கி. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றபடியே பாடுவது இன்றும் குருத்வாரா விழாக்களில் நடக்கிறது.

ஆட்டத்துக்கு வருவோம். நானக் ஒதுக்கிய அதே ஆட்டத்தைக் கசூரில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர் புல்லே ஷா நேராக எடுத்துக்கொண்டார். 1680-ஐ ஒட்டிப் பிறந்து 1757-இல் மறைந்தவர். நபிகளின் வம்சம் என்று மதிக்கப்படும் சையது குடும்பத்தவர். அவருடைய குரு ஷா இனாயத், காய்கறி பயிரிடும் அராயின் சாதிக்காரர். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய்ச் சேர்ந்தாயே என்று சொந்தக்காரர்கள் ஏசினார்கள். ஒரு கட்டத்தில் குரு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதை சொல்கிறது: புல்லே ஷா ஆடல் மகளிரிடம் போய் ஆட்டம் கற்று, அவர்களைப் போலவே உடுத்தி, குருவின் முன்னால் ஆடினார். குரு அடையாளம் கண்டு அணைத்துக்கொண்டார்.

ஆட்டத்திலேயே கீழாக வைக்கப்பட்ட ஆட்டம், ரொட்டிக்காகப் பெண்கள் ஆடிய ஆட்டம். அதையே ஒரு சையது தன் வழிபாடாக்கிக்கொள்கிறார். வேஷம்தான், ஆனால் எதையும் மறைக்கிற வேஷமல்ல, பிறப்பின் பெருமையை உரித்துப் போடுகிற வேஷம். நானக்கின் கண்டனமும் புல்லே ஷாவின் ஆட்டமும் எதிரும் புதிருமாகத் தோன்றும். இரண்டும் அடிப்பது 'நான்' என்ற ஒரே இடத்தில்தான்.

தர்காக்களில் டோல் அடிக்கிறவர்களுக்கு இந்த வாதமெல்லாம் கையில் இருக்கிறது. மரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் கட்டிய பெரிய மேளம் அது. கனத்த பக்கத்துக்கு வளைந்த தடிமனான கோல், பெயர் டக்கா. மெல்லிய பக்கத்துக்குப் பிரம்புக் குச்சி, தில்லி. பிரிவினைக்கு முன் பராயீ என்ற முஸ்லிம் சமூகத்தார் டோல் அடித்தபடி பக்தர் கூட்டங்களைத் தேரா காசி கான் பக்கமுள்ள சக்கி சர்வர் தர்காவுக்கு அழைத்துப் போவார்கள். இந்துவும் சீக்கியரும் முஸ்லிமும் அந்த மேளத்துக்குப் பின்னால் நடந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளம்பிய சிங் சபா சீர்திருத்தக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. லாகூரில் ஷா ஜமால் தர்காவின் வியாழன் இரவுகள் அண்மைக்காலம் வரை பெயர் பெற்றவை. 2021-இல் மறைந்த பப்பு சாயின், கழுத்தில் தொங்கும் டோலோடு பம்பரமாகச் சுழன்றுகொண்டே தமால் என்ற பரவச ஆட்டத் தாளத்தை வாசிப்பார். அதே தர்காவில் வாசித்த கூங்கா சாயினுக்குக் காது கேட்காது. தாளத்தை அதிர்வாக உடம்பில் வாங்கி அடி தவறாமல் வாசித்தவர் அவர். உடம்பை ஒதுக்கிவிட்டு இசையை மட்டும் தூய்மையானது என்று பிரிப்பவர்கள் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கூலி மட்டும்தான் பிரச்சினை என்றால் கித்தா மீது யாருக்கும் கோபம் வந்திருக்கக் கூடாது. பெண்கள் வட்டமாக நின்று கைதட்ட, ஒருத்தி 'போலி' என்ற குறும்பாட்டை எடுத்துப் பாட, இரண்டு பேர் நடுவே வந்து ஆடுவது கித்தா. யாரும் காசு வாங்குவதில்லை. பார்க்க ஆண்களும் வேண்டாம். மாமியாரையும் தூர தேசம் போன கணவனையும் பற்றி வாய்விட்டுச் சொல்ல அந்த வட்டம்தான் இடம். ஆனாலும் சீர்திருத்தக்காரர்கள், சீக்கியர், இந்து இரு தரப்பினரும், பெண்களின் கேலிக் கல்யாணப் பாட்டுகளைக் கண்டித்து எழுதினார்கள். ஆக, ரொட்டிக்குப் பின்னால் இன்னொரு அச்சம் ஒளிந்திருந்தது: பெண்ணின் குரல் கட்டுக்கடங்காமல் வெளியே கேட்பது.

பாங்க்ராவின் கதை வேறு. சியால்கோட், குஜ்ரான்வாலா, குர்தாஸ்பூர் பக்கங்களில் வைசாகி அறுவடைத் திருவிழாவை ஒட்டி உழவர்கள் ஆடிய ஆட்டம், 1950-களில் பட்டியாலா வட்டாரத்தில் மேடைக்கு ஏறிக் குடியரசு தின விழாவுக்கு டெல்லி போனது. சுனாமைச் சேர்ந்த தீபக் சகோதரர்களின் குழுவில் டோல் அடித்தவர் பானா ராம். கழைக்கூத்து ஆடும் பாஸிகர் சமூகத்தவர். ஆடியவர்களில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர். மேளம் அடிக்கக் கழைக்கூத்தாடி வந்தார். புகழ் ஆட்டத்துக்கும் கூலி மேளத்துக்கும் என்று அங்கேயும் பிரிந்தது.

1947-இன் பிரிவினை இந்த வழக்கில் கொடூரமான தீர்ப்பு. தலைமுறை தலைமுறையாகப் பொற்கோயிலில் பாடிய ரபாபிகள் முஸ்லிம்கள் என்பதால் எல்லை தாண்டினார்கள். குருமார்களின் பாடல்களான குர்பாணியைக் கேட்டு ரொட்டி போட லாகூரில் குருத்வாரா கூட்டம் மிஞ்சவில்லை. வழிபாட்டுச் சபையில் கீர்த்தனை பாடச் சீக்கியருக்கே உரிமை என்ற நடத்தை விதி அதற்கு முன்பே, 1945-இல், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் ரெஹத் மரியாதா என்ற நெறித்தொகுப்பில் ஏறிவிட்டது. இன்று பொற்கோயிலில் பாடும் ராகிகள் என்ற பாடகர்கள் அந்தக் கமிட்டியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கூலி குற்றமில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, மர்தானாவின் வழிவந்தவர்களை வெளியே நிறுத்த மிச்சமிருக்கும் காரணம் பிறப்பும் மதமும் மட்டுமே. எந்த இரண்டையும் நானக் பொருட்படுத்தவில்லையோ, அந்த இரண்டும்.

2022-இல் அகால் தக்த், பொற்கோயிலில் ஹார்மோனியத்தைப் படிப்படியாக விலக்கி, ரபாப், சரந்தா போன்ற தந்தி வாத்தியங்களை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. இளைஞர்கள் ரபாப் பழகுகிறார்கள், நல்ல செய்தி. வாத்தியத்தை அழைத்தவர்கள் வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். அதற்கு 1945-இன் அந்த ஒரு விதியைத் தளர்த்தினால் போதும்.