சிறுவாடு

சிக்கனத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மன உறுதியைப் பற்றியே எழுதுகிறார்கள். மாதாமாதம் செலவைக் குறித்து வை, மிச்சம் பிடி, பதினைந்து இருபது வருஷம் சலிக்காமல் செய், பிறகு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்கிறார்கள். இடையில் ஊக்கம் குறைந்தால் அது ஆளின் பலவீனமாம். அதற்குத் தனியாக மருந்து சொல்லப்படுகிறது. எனக்கோ அந்தச் சலிப்புக்குள் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் கணக்கு. 1994ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், பழைய சந்தை விவரங்களை வைத்து ஒன்றைக் காட்டினார். ஓய்வு பெற்றவர் முதல் வருஷம் சேமிப்பில் சுமார் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 வருஷம் தாங்கும். வருஷச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் விடுதலை என்ற வாய்பாட்டுக்கு இதுதான் ஆதாரம். அது அந்த நாட்டுச் சந்தையின் வரலாறு. எல்லா ஊருக்கும் பொருந்த வேண்டுமென்பதில்லை. ஆனால் வாய்பாட்டின் உள்தர்க்கம் கவனிக்கத்தக்கது. விலைவாசி போக 5 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பவனுக்கு இலக்கை எட்ட சுமார் 51 வருஷம் ஆகும். பாதியை மிச்சம் பிடிப்பவனுக்கு 17 வருஷம். செலவு குறைந்தால் சேமிப்பு கூடுகிறது. எட்ட வேண்டிய தொகையும் கூடவே சுருங்குகிறது. ஆக, சம்பளத்தைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: 'இவ்வளவு போதும்' என்று ஒருவன் தனக்குள் வகுத்துக்கொள்ளும் எண். வரும் வழி சிறிதாயிருப்பதைப் பற்றி வள்ளுவரும் கவலைப்படவில்லை. போகும் வழி பெரிதாவதைப் பற்றித்தான் எச்சரித்தார்.

அந்த 17 வருஷங்கள் என்ன ஆகின்றன என்பதை வாய்பாடு சொல்வதில்லை. அவை வெறும் பாலம், மறுகரையில்தான் வாழ்க்கை. ஜார்ஜ் ஸிம்மல் 1900ல் வெளியிட்ட 'பணத்தின் தத்துவம்' என்ற நூலில் கருமியைப் பற்றிப் பேசுகிறார். எதையும் வாங்கக்கூடிய சாத்தியமே கருமிக்கு இன்பம். எதையாவது வாங்கிவிட்டால் அந்தச் சாத்தியம் குறைந்துவிடும். விடுதலைக்காகச் சேர்ப்பவனும் கருமியும் எழுதுகிற நோட்டு வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். பல வருஷம் இன்றைய தினத்தைத் தள்ளிப்போட்டே பழகிய மனம், தொகை சேர்ந்த மறுநாள் வாழத் தெரிந்துகொள்ளும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சலிப்பு கேட்கிற கேள்வி இதுதான்.

தோரோவின் கணக்கு வேறு மாதிரியானது. 1845 ஜூலை 4 அன்று அவர் வால்டன் குளக்கரையில் தானே கட்டிய வீட்டில் குடியேறினார். 1854ல் வந்த 'வால்டன்' நூலின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே 'பொருளாதாரம்'. வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட், சாக்பீஸுக்கு 1 சென்ட் என்று பட்டியல் போகிறது. ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவர் சாக்பீஸுக்குக் கணக்கு வைப்பானேன்? ஒரு பொருளின் விலையை, அதற்காகக் கொடுக்க வேண்டியிருக்கும் ஆயுளால் அவர் அளந்தார். வருஷத்தில் சுமார் ஆறு வாரம் உழைத்தால் தன் தேவைக்குப் போதும் என்பது அவர் கண்ட முடிவு. மீதி வாரங்கள் அந்த வருஷமே அவர் கைக்கு வந்துவிட்டன.

தோரோவுக்குக் குடும்பம் இல்லை, நிலமும் எமர்சனுடையது. குடும்பத்தில் ஒருவன் வகுக்கும் 'போதும்' மற்றவர்களுக்குக் கட்டளையாகிவிடுகிறது. அப்பாவின் நாளைய விடுதலைக்காகப் பிள்ளையின் இன்றைய சைக்கிள் தள்ளிப்போகிறது. பிள்ளையை யாரும் கேட்பதில்லை. இதை ஊக்கக் கட்டுரைகள் பேசுவதே இல்லை. மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லாதவர்களையும் அவை பேசுவதில்லை.

ஆனால் நம் வீடுகளில் இன்னொரு சேமிப்பு உண்டு. சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் பிடித்து, அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் வைத்த காசு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, பல வீடுகளில் அந்தக் காசு வெளியே வந்து கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. தொகையைப் பார்த்தவர்களுக்கு அது சேமிப்பு. வைத்திருந்தவளுக்கு, தம்பி வந்தால் கையில் கொடுக்கவும், சின்னச் செலவுக்குக் கணவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் ஓர் இடம். பாதுகாப்போடு அந்த இடமும் அன்று போயிற்று.

சிறுவாடு சேர்ப்பவளுக்கு யாரும் ஊக்கம் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. அதற்கு இலக்குத் தொகை கிடையாது. முதல் பத்து ரூபாயே ஒரு சிறு சுதந்திரம். அடுத்த பத்து அதை இன்னும் கொஞ்சம் அகலமாக்குகிறது. அவள் கணவனிடம் மறைக்க வேண்டியிருந்தது என்பது அந்தக் குடும்பத்தின் அவலம். ஆனால் பணத்துக்கும் விடுதலைக்கும் உள்ள உறவை வாய்பாட்டுக்காரர்களைவிட அவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையிலிருப்பவன், செய்யக் கூடாத ஒன்றைச் செய்யச் சொல்லும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லலாம். அந்த ஒரு சொல்லுக்கு 25 மடங்கு தேவையில்லை. சொல்லாமல் 25 மடங்கும் சேர்த்தவனிடம், பிறகு அந்தச் சொல் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

தொகை சேராமலே போகலாம். நோய் வரலாம், விலைவாசி ஏறலாம், சந்தை சரியலாம். அப்போதும் கழிந்த வருஷங்கள் வெறும் காத்திருப்பாக இருந்திருக்கக் கூடாது. செலவு நோட்டிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.