கல்லும் கைம்பெண்ணும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில், மலைக்கு மேற்கே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் அவ்வூரின் வீட்டு மாடி ஒன்றில் கேமராவை முக்காலியின்மேல் நிறுத்தி, அதன் கண்ணை ஒரு நிமிடம் மூடாமல் திறந்து வைப்பதாக எண்ணிக்கொள்வோம். கிடைக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் எவை இருக்கும்? மலை இருக்கும், வீடுகளும் விளக்குக் கம்பங்களும் இருக்கும். ஆனால் வெறுங்காலோடு நடந்து செல்லும் பல்லாயிரம் மக்கள் இருக்கமாட்டார்கள். அவர்கள் சென்ற இடத்தில் புகை போன்ற ஒரு வெண்கீற்று மட்டுமே எஞ்சும்.

காரணம் எளிது. அசையாத பொருள் ஓரிடத்திலேயே நின்று தன் ஒளியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நடப்பவரோ தம் உருவம் பதியுமுன்னரே அவ்விடத்தைக் கடந்துவிடுகிறார். பகலிலும் கேமராவின் முன்னே கருங்கண்ணாடியைப் பொருத்தி, பல நிமிடங்கள் ஒளியை உள்ளே விடுவார்கள். சென்னை போன்ற பெருநகரின் மேம்பாலங்களையும் கண்ணாடி மாளிகைகளையும் இம்முறையில் எடுத்தால், மேகங்கள் பட்டுத்துணிபோல் நீளும். சாலைகள் ஆளரவமின்றி அமைதியில் ஆழும். அழகிய கலைதான். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது: மனிதரை அழித்துவிட்டுக் கட்டடத்தைக் காக்கும் இப்பார்வை உண்மையான பார்வையா?

நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே இக்கேள்வி பிறந்துவிட்டது. 1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி தாகேர் தம் சாளரத்திலிருந்து ஒரு பெருவீதியைப் படமெடுத்தார். ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. வண்டிகளும் மக்களும் நெரிந்த அவ்வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. ஓர் ஓரத்தில் ஒருவர் மட்டும் பதிந்திருந்தார். அவர் தம் காலணிக்கு மெருகிடச் செய்துகொண்டு அசையாமல் நின்றவர். அவர் காலடியில் குனிந்திருந்த தொழிலாளியின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. நிழற்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்களே என்பர்.

நம் மண்ணுக்கும் இக்கலை விரைவிலேயே வந்தது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தாள் எதிர்ப்படங்களில் ஒளி பதிய நெடுநேரம் ஆனது. எனவே அப்படங்களில் தூண்களும் மண்டபங்களும் துல்லியமாக நிற்கின்றன. மனிதரோ அரிதாகவே தென்படுகின்றனர்.

இதிலும் ஓர் உண்மை உண்டு என்று வாதிடலாம். மனித வாழ்வு புல்லைப் போன்றது, மூச்சைப் போன்றது என்று திருப்பாடல்களும் சபை உரையாளரும் நமக்கு நினைவூட்டவில்லையா? நாம் ஓடியாடிச் சேர்க்கும் பெருமையெல்லாம் ஒரு வெண்கீற்றே எனக் காட்டும் படம், ஒரு நல்ல மறையுரைக்கு ஒப்பானதுதான்.

ஆனால் அந்த மறையுரை பாதியிலேயே நின்றுவிடுகிறது. அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைப் பார்ப்போர் கிருஷ்ணதேவராயரின் பெயரைச் சொல்வர். கல் சுமந்த தோள்களின் பெயரைச் சொல்வார் யார்? பௌர்ணமி கழிந்த காலையில் கிரிவலப் பாதையைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளரை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? கருவி ஒரு நிமிடத்தில் செய்யும் அழிப்பை நாம் வாழ்நாள் முழுவதும் செய்துவருகிறோம் அல்லவா?

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் முடிந்து 13ஆம் அதிகாரம் தொடங்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எருசலேம் கோவிலைவிட்டு வெளியேறும்போது சீடர் ஒருவர் அதன் பெருங்கற்களையும் கட்டடங்களையும் கண்டு வியக்கிறார். அக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று நில்லாது போகும் என்கிறார் இயேசு. கி.பி. 70இல் உரோமைப் படை அதை நிறைவேற்றியது. அதற்குச் சற்று முன்னர் இயேசு என்ன செய்துகொண்டிருந்தார்? காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, வருவோரையும் போவோரையும் கவனித்துக்கொண்டிருந்தார். அக்கூட்டத்தில் ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு காசுகளைப் போட்டுவிட்டுப் போனார். ஒரு நொடியில் கடந்துபோகும் நிகழ்ச்சி அது! சீடரின் கண்ணில் கல் பதிந்தது. ஆண்டவரின் கண்ணில் கைம்பெண் பதிந்தார்.

இறைவனின் பார்வையும் நெடிய பார்வைதான். அவருக்கு ஆயிரம் ஆண்டும் ஒரு நாள். ஆயினும் அப்பார்வையில் கடந்து செல்வோர் கரைந்துபோவதில்லை. கேமராவுக்குப் பொறுமை உண்டு, அன்பு இல்லை. அன்போடு கூடிய பொறுமையே ஒருவரை ஒருவராகக் காண்கிறது.

மீண்டும் அடி அண்ணாமலை மாடிக்கு வருவோம். அந்தப் படத்தை உற்றுநோக்கினால், மனிதர் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது புலப்படும். பாதையோரத்தில் பிச்சைக்காக அமர்ந்திருக்கும் முதியவர் அசையாதவர். ஆகவே அவர் பதிந்திருப்பார். நடந்தவர்கள் அவரைக் காணவில்லை. படமோ நடந்தவர்களைக் காணவில்லை. எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்த்திமேயுவின் குரல் கேட்டு, கூட்டத்தின் நடுவே இயேசு நின்றார் என்கிறார் மாற்கு. கிரிவலப் பாதையிலும் எவரேனும் தம் நடையை நிறுத்தி, அம்முதியவர் முன் குனிந்து ஒரு நிமிடம் பேசியிருந்தால், அவரும் அப்படத்தில் இருப்பார்.

விரைந்து போனவர்கள் வெண்கீற்றாவார்கள். பிறருக்காக நின்றவர்கள் பதிவார்கள். நாம் எதில் இருப்போம்?