மீன்கள் யாருக்காகப் பாவமன்னிப்புத் தேடுகின்றன?



அறிவுடையவருக்காகக் கடலிலுள்ள மீன்களும் பாவமன்னிப்புத் தேடுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வந்துள்ளது. ஆலிமுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு? எந்த உயிரை உண்ணலாம், எந்த உயிருக்கும் எப்படி அநீதி செய்யக்கூடாது என்று மக்களுக்குச் சொல்லித் தருபவர் அவர்தானே என்று விரிவுரையாளர்கள் விளக்கினார்கள்.

நம் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. பாறை என்கிறோம், அது உயிர். சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். அதைத்தான் வல்லம் வல்லமாக உடைத்துச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 2001ல் சட்டம் தடுத்தது. சுனாமிக்குப் பிறகுதான் உடைப்பது ஓய்ந்தது.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2003 முதல் இந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கி, எவ்வளவு பவளம் உயிரோடு இருக்கிறது என்று அளந்து எழுதி வருகிறார்கள். ஒரு நாள் மூழ்கிப் பார்த்தால் என்ன தெரியும்? வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். 2016 கோடையில் கடல் சூடேறியது. பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறியது, பவளம் வெளுத்தது. 39 சதவீதத்தை ஒட்டியிருந்த உயிருள்ள பவளப் பரப்பு 23 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. முந்தைய வருடங்களின் கணக்கு இல்லையென்றால், "கடல் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

இது துன்யா விஷயமாயிற்றே, மிம்பரில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடம் அது. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் ரிஸ்க்கின் வாசல்களில் ஒன்று. நம் கையில் கொடுத்த அமானிதம்.

கடலின் சூட்டை நான் தனியாகக் குறைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் கிழிந்த வலை யார் கையில் இருக்கிறது? கடலில் விட்ட வலை பவளத்தில் சிக்கி, அதை மூடி, உடைத்துக் கொல்கிறது. மீனும் ஆமையும் அதிலேயே மாட்டிச் சாகின்றன. படகு வைத்திருக்கும் சகோதரர்களே, கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டு வாருங்கள். நங்கூரத்தை மணலில் போடுங்கள், பவளத்தின் மேல் போடாதீர்கள். இதை இன்றே பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! கடலுக்குப் போகும் எங்கள் சகோதரர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக. அவர்களின் ரிஸ்க்கில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.