அறியாமல் செய்த பூசை

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் கொண்டாடப்படும் மகாசிவராத்திரி, உணவையும் உறக்கத்தையும் ஒருங்கே துறந்து நோற்கப்படும் விரதமாகும். யாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். இரவின் நான்கு யாமங்களிலும் தனித்தனியே அபிடேகமும் அருச்சனையும் நிகழ, நள்ளிரவை ஒட்டிய வேளை, அடிமுடி காணவொண்ணாத தழற்பிழம்பாகச் சிவன் வெளிப்பட்ட இலிங்கோற்பவ காலமெனப் போற்றப்படுகிறது. இவ்வளவு நுணுக்கமாக விதிகள் வகுக்கப்பட்ட ஒரு விரதத்தின் பெருமையை விளக்கப் புராணங்கள் காட்டும் சான்றுகளோ, அவ்விதிகளில் ஒன்றையேனும் அறியாதவர்களின் கதைகளாகவே இருக்கின்றன.

தஞ்சை மாவட்டத்துத் திருவைகாவூர்த் தலவரலாற்றில், புலிக்கு அஞ்சி வில்வ மரத்தில் ஏறிய வேடன், தூங்கி விழுந்துவிடாதிருக்க இலைகளைக் கிள்ளிக் கீழே போட, அவை மரத்தடியிலிருந்த இலிங்கத்தின்மேல் விழுந்து, அவனுக்கே தெரியாமல் அருச்சனையாகின்றன. சிவராத்திரியோடு தொடர்பில்லாததாயினும் இதனோடு ஒத்தது மறைக்காட்டு எலியின் கதை. கோயில் விளக்கின் நெய்யை நக்க வந்து மூக்குச் சுட்டுத் திரியைத் தூண்டிவிட்ட அந்த எலி, மறுபிறப்பில் மாவலி மன்னனானதை அப்பரும் தம் திருக்குறுக்கைப் பதிகத்தில் பாடியுள்ளார். எண்ணமே வினை என்று கொள்ளும் பௌத்தர்க்கு இக்கதைகள் பொருளற்றவை. நோக்கமின்றி நிகழ்ந்த செயலுக்குப் பயன் உண்டெனில், அறியாது மிதித்த எறும்பின் பாவமும் மிதித்தவனைச் சாரவேண்டுமே என்ற வினாவும் உடன் எழும்.

சைவ சித்தாந்தம் இதனைத் தவிர்க்காது எதிர்கொள்கிறது. சிவனைக் குறித்த நற்செயல்களாகிய சிவபுண்ணியத்தை, அறிந்து செய்யும் புத்திபூர்வம், அறியாது செய்யும் அபுத்திபூர்வம் என அது இருவகைப்படுத்துகிறது. ஏனைய நற்செயல்களாகிய பசுபுண்ணியம் இன்பமாக நுகரப்பட்டுத் தீர்ந்துபோக, சிவபுண்ணியம் தீராது வளர்ந்து, உயிரை ஞானத்திற்குப் பக்குவப்படுத்தும் என்பது கொள்கை. அறியாமல் தொட்டாலும் தீ சுடும் என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உவமை அவ்வளவு பொருத்தமானதன்று. அருளை அது பொருளின் இயல்பாகச் சுருக்கிவிடுகிறது, ஏற்றுக்கொள்ளும் ஒருவனை மறைத்தும் விடுகிறது.

இதனினும் நல்ல விடை வேடன் கதையின் மற்றொரு வடிவத்தில், சிவபுராணத்தின் கோடிருத்திர சங்கிதையில் கிடைக்கிறது. அங்கே வேடன் மரத்தில் ஏறுவது மான் வேட்டைக்காக. முதல் யாமத்தில் வந்த பெண்மானை நோக்கி வில்லை வளைக்கையில் வில்வ இலைகளும் அவன் வைத்திருந்த நீரும் இலிங்கத்தின்மேல் சிந்துகின்றன. குட்டிகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதாக மான் வேண்ட, பசித்த குடும்பத்தை வீட்டில் விட்டு வந்தவன் அதன் சொல்லை நம்பி விடுகிறான். அடுத்து வந்த பெண்மானையும், மூன்றாம் யாமத்து ஆண்மானையும் அவ்வாறே போகவிட்டவன், இறுதியில் மூன்றும் குட்டிகளோடு வாக்குத் தவறாது வந்து நிற்க, மீண்டும் அம்பு தொடுக்கிறான். இலைகள் மறுபடியும் உதிர்கின்றன. அதற்குமேல் அவனால் கொல்ல இயலவில்லை. சிவன் வெளிப்படுவது அதன் பின்னரே. ஆக, அறியாப் பூசையின் பயனாக இக்கதை முதலிற் காட்டுவது இறந்தபின் கிட்டும் உலகத்தையன்று, அந்த ஓரிரவுக்குள் ஒரு கொலைஞனின் நெஞ்சில் யாமந்தோறும் ஊறிய இரக்கத்தையே. விழித்திருப்பதற்கென்றே சிறப்புக் காட்சிகளுக்குச் சென்று திரைப்படத்தோடு சிவராத்திரியைக் கழிப்போரும் இவ்வேடனைத் துணைக்கு அழைப்பதுண்டு. அவர்கள் விழிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மான்களை விட்டுவிடுகின்றனர்.

இவ்விளக்கத்திற்கு இடராகத் தோன்றுவது குணநிதியின் கதை. சூதாடியாகிய அவன், சிவராத்திரியன்று நிவேதனத்தைத் திருடக் கோயிலுள் புகுந்து, உணவைப் பார்ப்பதற்காக மேலாடையைக் கிழித்து மங்கிய விளக்குக்குத் திரியிட்டு, தப்பியோடுகையில் காவலரால் கொல்லப்படுகிறான். மனம் மாற அவனுக்குப் பொழுதே இல்லை. ஆயினும் புராணம் அவனை உடனே குபேரனாக்கிவிடவில்லை. கலிங்க நாட்டில் தமன் என்னும் அரசனாகப் பிறந்து, தன் நாட்டுச் சிவாலயங்கள் அனைத்திலும் விளக்கேற்றுமாறு ஆணையிட்டு, முன்னர்த் திருட்டுக்காகச் செய்ததை அறிந்தே செய்து முடித்த பிறகுதான் அவனுக்குக் குபேரனின் நகராகிய அளகாபுரி கிடைக்கிறது.