சந்தேகப்படுவதன் அறம்

"போஸ்ட்மேன்ல வேலை செய்யுது, பிரவுசர்ல மட்டும் ஏன் செய்யல?"

இணையச் செயலி எழுதும் எந்த அலுவலகத்திலும் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. கிளவுடில் ஒரு ஏபிஐ இருக்கிறது. முகவரி சரி, டோக்கன் சரி. போஸ்ட்மேன் போன்ற சோதனைக் கருவியிலிருந்து அழைத்தால் பதில் சமர்த்தாக வந்து நிற்கிறது. அதே அழைப்பைப் பிரவுசரில் ஓடும் பக்கத்திலிருந்து விடுத்தால் கன்சோலில் சிவப்பு எழுத்து: கோர்ஸ் கொள்கையால் தடுக்கப்பட்டது.

கேட்பவரின் குரலில் குழப்பத்தைவிடக் கோபம்தான் தூக்கலாக இருக்கும். பக்கம் நான் எழுதியது, சர்வர் எங்கள் கம்பெனியுடையது, நடுவில் நின்று தடுக்க இவன் யாரு? தொழில்நுட்ப விடை தேடினால் கிடைத்துவிடும். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்வதுதான் கடினம். ஏனென்றால் அதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது. ஒரு தப்பும் செய்யாத ஆளைச் சந்தேகிப்பது நியாயமா?

பிரவுசருக்கு இந்தச் சந்தேக புத்தி எப்படி வந்தது என்று முதலில் பார்க்கலாம். இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். இதைச் சமாளிக்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி குக்கீயைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சீட்டைத் தரும். அடுத்தடுத்த முறை அதே சர்வருக்குப் போகும்போது பிரவுசர் அந்தச் சீட்டைத் தானாகவே இணைத்து அனுப்பும். 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. அதுவரை வெறும் எழுத்தும் படமுமாக இருந்த பக்கங்கள் நிரல்களை ஓட்ட ஆரம்பித்தன.

இரண்டும் தனித்தனியே நல்ல விஷயங்கள். சேர்ந்தபோதுதான் சிக்கல். ஒரு டேபில் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். இன்னொரு டேபில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். அந்தத் தளத்தின் நிரல், உங்கள் பிரவுசரைக்கொண்டே வங்கியிடம் கணக்கு விவரம் கேட்டால்? பிரவுசர் வழக்கம்போல் குக்கீயை இணைத்து அனுப்பும். வங்கிக்கு அது நீங்கள் கேட்டதாகத்தான் தெரியும். இன்று குக்கீயை எப்போது இணைக்கலாம் என்பதற்கே கூடுதல் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. ஆனால் மூலச் சிக்கல் இதுதான். அதனால்தான் ஒரே மூலம் என்ற விதி பிறந்தது. நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஒரு பக்கம் இன்னொன்றின் பதிலைப் படிக்கலாம். இந்த விதியை முறைப்படி தளர்த்திக்கொள்ளும் வழிதான் கோர்ஸ். 2014-இல் அது டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது.

போஸ்ட்மேனுக்கு ஏன் இந்த வம்பு இல்லை என்பது இப்போது புரியும். அதற்குள் நீங்கள் போட்டது மட்டும்தான் இருக்கிறது. பிரவுசருக்குள்ளோ ஒருவருடைய வங்கி, மின்னஞ்சல், மருத்துவமனை ரிப்போர்ட் என்று பாதி வாழ்க்கை கிடக்கிறது. இணையத் தரநிலைகள் பிரவுசரை அழைக்கும் பெயர் 'பயனரின் முகவர்'. நிரல் எழுதுகிறவருக்கு அது முகவர் இல்லை. அது யாருக்கு வேலை செய்கிறது என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த இடத்தில் உதவும். டைம்ஷேர் என்ற நிறுவனத்தின் கணினியில் ஒரு கம்பைலர் இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக, நிறுவனத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தில் எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே இடத்தில்தான் இருந்தது. பிழை விவரங்களை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று பயனர் சொல்லலாம். ஒருவர் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் சொன்னதைச் செய்தது. கணக்கு அழிந்தது. இதற்கு ஹார்டி வைத்த பெயரைக் 'குழம்பிய பிரதிநிதி' என்று சொல்லலாம்.

இந்தக் கதையில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. கம்பைலரை யாரும் உடைக்கவில்லை. அதற்கு உரிமை இருந்தது, கட்டளையும் இருந்தது. ஆனால் உரிமை கொடுத்தவர் ஒருவர், கட்டளையிட்டவர் வேறொருவர். தீமை என்றால் கெட்டவன் செய்வது அல்லது அத்துமீறி நுழைபவன் செய்வது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஒருவர் தந்த அதிகாரத்தை இன்னொருவர் சொல்லுக்குச் செலவழிப்பது மூன்றாவது வகை. இதை நல்லவர்கள்கூடச் செய்துவிடலாம்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். யாரோ ஒருவர் வந்து, "அக்கா, அவங்கதான் அனுப்பினாங்க, ஒரு பை எடுக்கணும்" என்கிறார். பார்த்தால் நல்லவராகத்தான் தெரிகிறார். விவரம் தெரிந்த அக்கா, "இருப்பா, ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்" என்பார். வந்தவருக்கு முகம் சுருங்கலாம். ஆனால் அக்கா அவரை எடைபோடவில்லை. சாவி தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பிரவுசர் போடும் அந்த போன் அழைப்புக்கு முன்னோட்டக் கோரிக்கை என்று பெயர். டோக்கனைத் தலைப்பில் வைத்தோ, ஜேசன் வடிவத்திலோ நாம் ஒரு அழைப்பை அனுப்பினால், அதற்கு முன்பாகவே பிரவுசர் சர்வரிடம் கேட்கிறது: இந்தத் தளத்திலிருந்து இப்படி ஒரு கோரிக்கை வரப்போகிறது, சம்மதமா? இந்தக் கேள்வியோடு குக்கீயோ டோக்கனோ போகாது. கிளவுடில் நடக்கும் குளறுபடிகளில் பாதி இங்கேதான். வாசலில் நிற்கும் கேட்வே எல்லாக் கோரிக்கைக்கும் டோக்கன் கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். உள்ளே வரலாமா என்று கேட்க வந்தவனிடம் அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்கிற அரசு அலுவலக வாசல் மாதிரி. 401 என்று திருப்பி அனுப்பும். பிரவுசரோ கோர்ஸ் பிழை என்று மட்டும் சொல்லும். இன்னொரு வகையும் உண்டு. டோக்கன் காலாவதியாகி கேட்வே திருப்பும் பிழைப்பதிலில் கோர்ஸ் தலைப்புகள் இருக்காது. காரணம் டோக்கன், பழி கோர்ஸ்மேல். சிவப்பு எழுத்தை விட்டுவிட்டு, நெட்வொர்க் டேபில் முதலில் தோற்ற கோரிக்கை எது, அதன் எண் என்ன என்று பார்ப்பதுதான் வழி.

எண்களிலும் ஒரு பாடம் இருக்கிறது. 401 என்றால் நீ யாரென்று தெரியவில்லை. 403 என்றால் தெரிகிறது, ஆனாலும் முடியாது. 401-க்குத் தரநிலை வைத்த பெயரே 'அதிகாரமற்றவர்' என்று குழப்புகிறது, அது வேறு கதை. 'நம்ம ஆளுதான்' என்பதிலிருந்து 'அப்போ விடு' என்பதற்குத் தாவுவது நம் ஊரில் பல சீரழிவுகளின் தொடக்கம். ஆளைத் தெரியும் என்பது ஒரு கேள்விக்கான பதில். உரிமை உண்டா என்பது இன்னொரு கேள்வி.

சரி, சிவப்பு எழுத்து வந்துவிட்டது, ரிலீஸ் நாளைக்கு. என்ன செய்வோம்? பிரவுசரின் பாதுகாப்பையே அணைத்துவிட்டு ஓட்டுவது ஒரு வழி. நம் கணினியில் மட்டும் உலகம் சரியாகிவிடும். எல்லாருக்கும் அனுமதி என்று நட்சத்திரக் குறி போடுவது இன்னொன்று. வானிலை போன்ற பொதுத் தகவலுக்கு அதில் தப்பில்லை. ஆனால் குக்கீயோடு வரும் கோரிக்கைக்கு நட்சத்திரத்தைப் பிரவுசர் ஏற்காது. அப்போதுதான் மூன்றாவது வழி தோன்றும். எந்தத் தளம் கேட்கிறதோ அந்தத் தளத்தின் பெயரையே அனுமதித் தலைப்பில் எழுதி, குக்கீக்கும் சம்மதம் என்று திருப்பி அனுப்புவது. வருகிறவன் சொல்லும் பெயரையே வெற்றுக் காசோலையில் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் இது. நான்காவதாக, கிளவுடின் ரகசியச் சாவியையே பக்கத்துக்குள் வைத்துவிடுவது. பக்கத்தைத் திறக்கும் யாரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

இவற்றில் சிலவற்றில் சிவப்பு எழுத்து மறைந்துவிடலாம். முதல் வழி பயனரை ஒன்றும் செய்யாது. ஏனென்றால் அது அவரிடம் போகவே போகாது. மற்றவற்றை அளவு தெரியாமல் செய்தால் இழப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் அந்த அறையில் இல்லை. மீட்டிங்கில் அவருக்கு நாற்காலி கிடையாது. அவருடைய குக்கீதான் செலவாகிறது. சுவரில் முட்டிக்கொள்பவர் ஒருவர், சுவரால் காக்கப்படுபவர் வேறொருவர் என்பதால்தான் சுவர் எப்போதும் அநியாயமாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவர் இருப்பதால் சர்வர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. எளிய வகைக் கோரிக்கைகள் முன்னோட்டம் இல்லாமலே சர்வருக்குப் போய்ச் சேரும், வேலையும் நடந்துவிடும். பதிலைப் படிக்கத்தான் பக்கத்துக்குத் தடை. காவலாளி இருக்கிறார் என்று வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது.

அப்படியானால் எல்லாச் சந்தேகமும் நியாயமா? இல்லை. ரேஷன் கடையில் கைரேகைக் கருவியின் முன் நிற்கும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். கல்லும் மண்ணும் சுமந்து ரேகை தேய்ந்த விரல். கருவி பொருந்தவில்லை என்கிறது. இதுவும் அடையாளச் சரிபார்ப்பின் தோல்விதான். ஆனால் இங்கே நிற்பவரும் இழப்பவரும் ஒரே ஆள். அரிசி அவருடையது, சந்தேகமும் அவர்மேல்தான். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு ஆதாரைப் பயன்படுத்துவதை ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், மனிதரின் உரிமையும் கண்ணியமும் அல்காரிதத்தின் நிகழ்தகவை நம்பி நிற்கக் கூடாது என்ற கவலையைப் பதிவுசெய்தார்.

இந்த இரண்டு சுவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. அது இழக்கப்போகிறவரைக் காக்கிறதா? எல்லார்மேலும் ஒரே மாதிரி விழுகிறதா? திறக்கும் உரிமை சரியான ஆளிடம் இருக்கிறதா, தடுக்கப்பட்டவருக்குக் காரணமும் மாற்று வழியும் சொல்லப்படுகிறதா? பிரவுசர் பெரிய கம்பெனியின் பக்கத்தையும் கல்லூரி மாணவரின் பக்கத்தையும் ஒரே மாதிரிதான் நிறுத்துகிறது. தகவலை வைத்திருக்கும் சர்வர், பெயர் சொல்லிக் கதவைத் திறக்கலாம். அந்தப் பெரியவருக்கு ஓடிபியோ, கையால் எழுதும் பதிவேடோ இல்லாவிட்டால் கதவே இல்லை.

அடையாளம் கேட்கும் மென்பொருளை எழுதுகிறவர்கள் நாம். ஒரு நாள் கோர்ஸ் அனுமதிப் பட்டியல், இன்னொரு நாள் யாரோ ஒருவர் கைரேகை வைக்கப்போகும் படிவம். முதலாவதில் கதவை அகலத் திறக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். இரண்டாவதில் இறுக்கி மூடச் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தப்பாகப் போனால் யாருக்குப் போகும்? பதில் அறையில் இல்லாத ஒருவரென்றால், அவர் சார்பில் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பதும் நம் வேலைதான்.