பிலாத்து வீட்டுக்கு அவர் போகவில்லை



பாஸ்கா காலத்தின் இந்த இரண்டாம் ஞாயிறில் எந்த ஆண்டானாலும் இதே நற்செய்திதான், யோவான் 20ஆம் அதிகாரம். வழக்கமாகத் தோமாவைப் பற்றிப் பேசுவோம். இன்று அவருக்கு முன்னால் ஒரு ஜெர்மானியரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பிரீட்ரிக் நீட்சே. கடவுள் செத்துவிட்டார் என்று எழுதினாரே, அவர்தான். கல்லூரி போகும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும்.

இவரைப் பற்றிப் பிரசங்கங்களில் ஒரு துணுக்கு அடிபடும். 'கடவுள் இறந்துவிட்டார். இப்படிக்கு நீட்சே' என்று ஒருவன் சுவரில் எழுதினானாம். மறுநாள் அதன் கீழே 'நீட்சே இறந்துவிட்டார். இப்படிக்குக் கடவுள்' என்று இருந்ததாம். ஆலயமே சிரிக்கும். கடவுளைப் பழித்ததால்தான் கடைசியில் புத்தி பேதலித்துப் போனார் என்று சேர்த்துச் சொல்வதும் உண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்க நீட்சே உயிரோடு இருந்திருந்தால், "நான் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டாம்" என்றிருப்பார். ஏன் என்று பார்ப்போம்.

நீட்சே கோயிலையே பார்க்காமல் வளர்ந்தவர் இல்லை. 1844இல் ரோக்கன் என்ற சிற்றூரில் லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்தார். அம்மா பிரான்சிஸ்காவும் போதகர் வீட்டுப் பெண். மகனுக்கு 5 வயது நிரம்பும் முன்பே அப்பா இறந்தார். சில மாதங்களில் தம்பியும் போய்விட்டான். மகனும் போதகராவான் என்று அந்த விதவைத் தாய் காத்திருந்தாள். பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கத்தான் சேர்ந்தான். 1865 பாஸ்கா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன், திருவிருந்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அந்த அம்மா எப்படி அழுதிருப்பாள் என்று உங்களில் சிலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவர் எழுதிய புத்தகங்களில் நம்மைச் சும்மா விடவில்லை. ஆனால் கடவுள் இல்லை என்பதை அவர் கொண்டாடியதாக நினைக்காதீர்கள். 1882இல் வந்த நூல் ஒன்றில் ஒரு பைத்தியக்காரன் பட்டப்பகலில் விளக்கை ஏந்திக்கொண்டு சந்தைக்குள் கடவுளைத் தேடி ஓடிவருகிறான். அங்கே நின்று அவனைக் கேலி செய்கிறவர்கள் ஏற்கெனவே நம்பிக்கை இல்லாதவர்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. அவன் ஒருவன்தான் நடுங்குகிறான். கடவுளைக் கைவிட்டால் அதன் கூடவே எதெல்லாம் சரியும் என்று யோசித்தவர் நீட்சே. நம்மூர்த் தேநீர்க் கடை நாத்திகமும் அதை யோசிப்பதில்லை, நம்முடைய ஞாயிற்றுக்கிழமை பக்தியும் யோசிப்பதில்லை.

நம் மேல் அவர் வைத்த பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கிறிஸ்தவர்களின் அன்புக்கு அடியில் பழியுணர்ச்சி இருக்கிறது என்றார். எளியவனுக்குத் திருப்பி அடிக்கச் சக்தி இல்லை. அந்த இயலாமைக்கு மன்னிப்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறான்; கணக்குத் தீர்க்கிற வேலையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறான். 1887இல் எழுதிய நூலில் இதற்கு ஆதாரமாகத் தெர்த்துல்லியனின் ஒரு நீண்ட பகுதியை இலத்தீனிலேயே எடுத்துப் போடுகிறார். தெர்த்துல்லியன் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பெரிய கிறிஸ்தவ எழுத்தாளர். நம்மைத் துன்புறுத்திய அரசர்களும் ஆளுநர்களும் கடைசி நாளில் நெருப்பில் வேகிறதை வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறார். நீட்சே இட்டுக்கட்டவில்லை. அந்தப் பக்கம் நம்முடையதுதான்.

இரண்டாம் நூற்றாண்டுக்கு எதற்குப் போக வேண்டும்? "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் எப்போது சொல்கிறோம்? பாதி நேரம் அது நம்பிக்கை, மீதி நேரம் சாபம். பொதுச்சுவர்த் தகராறில் தம்பி பேரில் வழக்குப் போட்டிருக்கிற அண்ணன், பூசைக் கருத்து நோட்டில் 'வழக்கில் வெற்றி கிடைக்க' என்று எழுதுகிறார். பணத்தைக் கட்டிவிட்டு, "அவன் நல்லா இருக்கமாட்டான் சாமி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கெபியில் எரிகிற மெழுகுதிரிகளில் எத்தனை யாருடைய அழிவுக்காக எரிகின்றன என்று புனிதருக்குத்தான் தெரியும். நீட்சே நம் பங்குக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தால் இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார்.

இப்போது நற்செய்திக்கு வாருங்கள். 1888இல், தம் மனநலம் முறிவதற்குச் சில மாதங்களுக்கு முன், நீட்சே 'எதிர்க்கிறிஸ்து' என்ற நூலை எழுதினார். பெயரே அப்படி. அதற்குள் ஒரு வியப்பு இருக்கிறது. இயேசுவிடம் பழியுணர்ச்சி இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சீடர்கள்தான் கெடுத்தார்கள் என்கிறார். தலைவர் சிலுவையில் இறந்ததும், கொன்றது யார், எதிரி யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அங்கேயே பழியுணர்ச்சி உள்ளே வந்துவிட்டது என்கிறார்.

ஆனால் யோவான் காட்டுகிற அறையைப் பாருங்கள். கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும். இயேசு வருகிறார். சிலுவையில் மன்னித்ததை, கையில் ஆணி இருந்தபோது வேறு என்ன செய்ய முடியும் என்று நீட்சேயின் பக்கம் நின்று ஒருவர் வாதாடலாம். இப்போது ஆணி இல்லை. பூட்டிய கதவு அவரைத் தடுக்கவில்லை. சாவே தடுக்கவில்லை. நேரே பிலாத்தின் மாளிகைக்குப் போயிருக்கலாம். கயபாவின் வீட்டு முற்றத்தில் நின்று, "இதோ, பார்" என்று கைகளைக் காட்டியிருக்கலாம். நாமாக இருந்தால் முதலில் அங்கேதான் போயிருப்போம். நான்கு நற்செய்திகளில் எதிலும் அப்படி ஒரு காட்சி இல்லை.

அவர் போனது ஓடிப்போன நண்பர்களிடம். அவர்களையும் கேள்வி கேட்கவில்லை. மறுதலித்த பேதுரு அந்த அறையில்தான் இருக்கிறார். அந்தச் சேவல் கூவிய இரவைப் பற்றி அங்கே ஒரு பேச்சு இல்லை. அமைதி வாழ்த்துச் சொல்கிறார், காயங்களைக் காட்டுகிறார், பாவங்களை மன்னிக்கிற அதிகாரத்தைக் கொடுக்கிறார். மூன்று நாளைக்கு முன்னால் அநியாயமாகக் கொல்லப்பட்டவர் திரும்பி வந்து, எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக்கு ஆள் அனுப்புகிறார்! சக்தி இல்லாததால் வந்த மன்னிப்பு இல்லை இது. நீட்சே இந்த அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்பது என் வருத்தம். அவருடைய குற்றச்சாட்டு நம்மைத் தொடுகிறது. அந்த அறைக்குள் வந்தவரைத் தொடவில்லை.

நாத்திகத்தைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது என்று கேட்கிறவர்கள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டை எடுத்துப் படியுங்கள், எண் 19. நாத்திகம் பிறப்பதில் நம்பிக்கையாளர்களுக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு என்று ஆயர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கடவுளின் முகத்தைக் காட்டவேண்டியவர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள் என்ற பொருளில் அங்கே வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் கூடச் சாதி பார்த்துச் சுவர் வைத்த ஊர்கள் நம்மிடம் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த பையன் கோயிலுக்கு வராமல் நின்றுவிட்டால், நீட்சேயின் புத்தகத்தைப் படித்துக் கெட்டுப்போனான் என்று சொல்லாதீர்கள்.

தோமா நாத்திகர் இல்லை. ஆனால் நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். எட்டு நாள் கழித்தும் அதே வீட்டில், அதே ஆட்களோடு இருக்கிறார். மற்றப் பத்துப் பேரும் அவரை வெளியே தள்ளவில்லை என்பதை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். தள்ளியிருந்தால், இரண்டாம் முறை இயேசு வந்தபோது அவர் அங்கே இருந்திருக்கமாட்டார்.

நீட்சேயின் தாயைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1889 ஜனவரியில் தூரின் நகரில் மகன் நிலைகுலைந்தார். பாசல், யேனா மருத்துவமனைகளுக்குப் பிறகு 1890இல் பிரான்சிஸ்கா அவரை நாம்பர்க்கில் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். தன் கணவரும் தகப்பனும் போதித்ததையெல்லாம் கிழித்து எழுதிய மகன். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடக்கக் கூட்டிப்போனாள், ஊட்டினாள், தூங்கவைத்தாள். 1895இல் 'எதிர்க்கிறிஸ்து' அச்சாகி வந்தபோது அதை எழுதியவர் அந்தத் தாயின் பராமரிப்பில் இருந்தார். 1897 ஏப்ரலில், பாஸ்கா வாரத்தில், அவள் இறக்கும்வரை அது தொடர்ந்தது. "கடவுள் தண்டித்தார்" என்று பிரசங்கத்தில் நாம் சொல்கிற அதே ஏழு ஆண்டுகள்தான் இவை. மகன் 1900இல் வைமாரில் இறந்தார். ரோக்கனில், அப்பா போதகராக இருந்த ஆலயத்தின் சுவரோரத்தில் புதைத்தார்கள்.

கோயிலுக்கு வராத மகனையும் மகளையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிற பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் இந்த மறையுரையை அவர்களுக்கு ஒப்பிக்க வேண்டாம். சாப்பாட்டை எடுத்து வையுங்கள். ஏன் வருவதில்லை என்று அவர்களாகச் சொன்னால், பதில் சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள். அதில் நம் பங்கைப் பற்றி, என்னைப் பற்றி ஏதாவது இருந்தால், எனக்கு வந்து சொல்லுங்கள்.

விசுவாச அறிக்கைக்குப் பிறகு வரும் மன்றாட்டுகளில், அன்பியங்கள் எழுதிக் கொடுத்தவற்றோடு இன்று ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். நம் ஒவ்வொருவருக்கும் யார் பேரில் வழக்கு இருக்கிறதோ, அவருடைய பெயரை அந்த நேரத்தில் மனதுக்குள் சொல்லி, அவர் நன்றாக இருக்க மன்றாடுவோம். எழுந்து நிற்போம்.